ஏரி வத்தும்போது மீனுக்கு என்ன ஆகுது? பனையேறி, ஜிலேபி, அப்புறம் நம்ம ரெட்ஹில்ஸ்

ஏப்ரல் மே மாசத்துல வடசென்னைப் பக்கம் ரெட்டேரி தாண்டி ரெட்ஹில்ஸ் போற வழியில ரோட்டோரம் டப்புல தண்ணி ஊத்தி உயிர் மீன் விக்கிறவங்க அதிகமாக ஆரம்பிச்சுட்டா எங்க ஏரியால எல்லார் மொகத்துலயும் ஒரு சந்தோஷம் வரும், "இந்த வருஷம் ஏரில மீன் செமயா கெடக்குதுபா"ன்னு டீக்கடைல பேசிக்குவாங்க. நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நம்பிட்டிருந்தேன். சின்ன வயசுலருந்து தூண்டில் போடுறவன், கொளத்தூர் பக்கம் வீடு, லீவு விட்டா மாமாவோட சைக்கிள் பின்னாடி உக்காந்து ரெட்டேரி, மாதவரம் ஏரி, கொரட்டூர் ஏரின்னு சுத்துவேன், அதனால கோடைல மீன் நெறைய மாட்டுறது எனக்கு அனுபவத்துலயே தெரியும். அதுக்கு காரணம் என்னன்னு மட்டும் தெரியாம இருந்தது.

காரணம் ரொம்ப சிம்பிள். மீன் கூடல, தண்ணி கொறஞ்சிருக்கு, அவ்ளோதான். நூறு ஏக்கர்ல பரவி இருந்த மீன் இப்ப பத்து ஏக்கர்ல நெருக்கியடிச்சு நிக்குது, அதுல வலை வீசினா கொத்து கொத்தா தான் வரும், தக்கை போட்ட அடுத்த நிமிஷமே உள்ள இழுக்கும். மீன்பாசி குத்தகை, அதாவது ஏரில மீன் பிடிக்கிற உரிமை எடுத்தவங்க, தூண்டில்காரங்க, வாங்கித் தின்னுற நாம, எல்லாரும் ஏரி நல்லா இருக்குன்னு நெனைக்கிற அந்த ஒரு மாசத்துலதான் ஏரியோட மீன்வளம் கைவிட்டுப் போக ஆரம்பிக்குது. அது எப்படின்னு எனக்குப் புரிஞ்ச வரைக்கும் இங்க எழுதுறேன், ஏன்னா அடுத்த வறட்சி வரும்போது நாம கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு, அத யாரும் கேக்க மாட்டேங்குறாங்க.

மொதல்ல மீன் விஷயம். வெளிநாட்டு மீன்பிடி வீடியோ பாக்குறவங்க "பெர்ச் பெர்ச்"னு ஒரு மீனப் பத்தி கேட்டிருப்பீங்க, பச்சை ஒடம்புல கோடு போட்டு செட்டை செவப்பா இருக்கும், ஐரோப்பா அமெரிக்கா பக்கம் குளிர் ஏரிகள்ல வாழுறது, அந்த மீன் நம்ம ஊர்ல கெடையாது. ஆனா அதே மாதிரி முதுகுல முள்ளு விரிக்கிற, குத்தினா கை கடுக்குற ஜாதில நம்மகிட்ட மூணு இருக்கு. ஒண்ணு பனையேறி, அதுக்கு இங்கிலீஷ்ல இருக்குற பேருக்கு அர்த்தமே ஏறுற பெர்ச்னுதான். ரெண்டாவது கொடுவா, ஆப்பிரிக்கால நைல் பெர்ச்னு ஒரு பெரிய மீன் இருக்கே அதுக்கு ரத்த சொந்தம், எண்ணூர் பழவேற்காடு பக்கம் கெடைக்கும். மூணாவது நம்ம ஜிலேபி, அதையும் ஆராய்ச்சிக்காரங்க ரொம்ப காலம் பெர்ச் வகையறாவோடதான் சேத்து வெச்சிருந்தாங்க. வறட்சி வந்தா இந்த மூணும் மூணு விதமா நடந்துக்கும், அதப் பாத்தாலே நம்ம நீர்த்தேக்கத்துக்கு என்ன ஆகுதுன்னு பாதி புரிஞ்சிடும்.

சென்னைக்கு தண்ணி தர்ற நாலு பெரிய ஏரில மூணு நம்ம வடக்கு பக்கம், பூண்டி, சோழவரம், அப்புறம் ரெட்ஹில்ஸ் ஏரின்னு நாம சொல்ற புழல். கொள்ளளவு பூண்டி 3231 மில்லியன் கன அடி, சோழவரம் 1081, புழல் 3300. நாலாவது செம்பரம்பாக்கம் 3645. நாலும் சேத்தா 11,257, அதாவது பதினொன்னேகால் டிஎம்சி. கேக்க பெருசா இருக்கும், ஆனா ஆழத்தப் பாருங்க. புழல் முழுசா ரொம்பினா 21 அடி சொச்சம், சோழவரம் 18.86 அடி, பூண்டி 35 அடி. மேட்டூர் 120 அடி. நம்மளுது அணை கெடையாது, தாம்பாளம். கரை கட்டி பரவலா தேக்கி வெச்ச ஏரி, புழல் ரொம்பி நிக்கும்போது கிட்டத்தட்ட 18 சதுர கிலோமீட்டர் தண்ணி பரப்பு. கத்திரி வெயில்ல ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகுதுன்னு வெச்சுக்கிட்டாலும் 18 சதுர கிலோமீட்டருக்கு கணக்கு போடுங்க, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டருக்கு மேல வானத்துக்குப் போகுது. மீஞ்சூர்ல கடல்நீர குடிநீராக்குற பிளாண்ட் ஒரு நாள் பூரா ஓடி எடுக்குற தண்ணி 10 கோடி லிட்டர். தாம்பாளத்துல இருக்குற தண்ணி எப்படி சட்டுனு காயுமோ அப்படித்தான் இதுவும், அதனால வறட்சி வந்தா ஆழமான அணை மாதிரி மெதுவா எறங்காது, ஒரு கட்டம் வரைக்கும் மெதுவா போயிட்டு அப்புறம் ரெண்டே மாசத்துல அடி தெரிஞ்சிடும்.

2019 யாருக்கும் மறந்திருக்காது. அதுக்கு முந்தின வடகிழக்கு பருவமழை ஏமாத்திடுச்சு, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி 2016ல தமிழ்நாடு பூரா வடகிழக்கு மழை 62 சதவீதம் கம்மி, வர்தா வந்து மரத்தையெல்லாம் சாச்சுட்டுப் போச்சே தவிர ஏரிய ரொப்பல. 2019 ஜூன்ல நாலு ஏரியும் சேத்து ஒரு சதவீதம்கூட தண்ணி இல்ல. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டைலருந்து 50 வேகன் ரயில்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி வில்லிவாக்கத்துக்கு வந்துச்சு, டிவில நேரலை போட்டாங்க. அந்த நாள்கள்ல மனுஷனுக்கே தண்ணி இல்லாதப்ப மீனப் பத்தி யார் பேசுவா, நானும் பேசல, எங்க தெருவுல ராத்திரி ரெண்டு மணிக்கு லாரிக்கு குடம் வெச்சு நின்னவங்கள்ல நானும் ஒருத்தன்.

ஆனா அந்த மே மாசம் கடைசியில ஒரு நாள் சோழவரம் பக்கத்துல ஒரு சின்ன ஏரிக்குப் போனேன், பேரு வேண்டாம். கரையிலருந்து எறங்கி நடந்தா ஏரிக்குள்ள மண்ணு பாளம் பாளமா வெடிச்சு கெடக்கு, அந்த மண்ணுல தட்டு தட்டா வட்ட வட்டமா குழி, ஒவ்வொண்ணும் சாப்பாட்டுத் தட்டு அகலம், ஒண்ணு பக்கத்துல ஒண்ணா நூத்துக்கணக்குல. மொதல்ல யாரோ தோண்டினதுன்னு நெனச்சேன். அதெல்லாம் ஜிலேபி போட்ட கூடு. ஆண் மீன் கரையோரம் முழங்கால் ஆழத் தண்ணில வாயாலயும் வாலாலயும் மண்ண ஒதுக்கி அந்தக் குழிய பண்ணும், பொட்டை வந்து அதுல முட்டை போட்டுட்டு அப்படியே வாயில அள்ளி வெச்சுக்கிட்டு ஆழத்துக்குப் போயிடும், குஞ்சு பொரிச்சு நீந்துற வரைக்கும் வாயிலதான் இருக்கும். அதாவது ஜிலேபிக்கு தண்ணி எறங்கினா கவல இல்ல, முட்டை கரையில கெடக்காது, அம்மா வாயில பத்திரமா இருக்கு. வெளிநாட்டு பெர்ச்சுக்கு இந்த வசதி கெடையாது, அது ரிப்பன் மாதிரி நீளமா முட்டைச்சரத்த கரையோர பாசியிலயும் செடியிலயும் சுத்தி விட்டுட்டுப் போயிடும், தண்ணி ஒரு அடி எறங்கினா மொத்தமும் வெயில்ல காஞ்சிடும். அந்த நாட்டு ஏரிகள்ல வசந்த காலத்துல தண்ணி எறங்கினா பெர்ச் கொறையுறதுக்கு இது ஒரு முக்கிய காரணம். நம்ம ஊர்ல ஏரி வத்த வத்த ஜிலேபி கை ஓங்குறதுக்கு காரணம் அந்த வாய்தான்.

ஜிலேபி நம்ம ஊரு மீனில்ல, ஆப்பிரிக்கா மீன், 1952ல இந்தியாவுக்கு கொண்டு வந்தாங்க, ஏழைகளுக்கு சல்லிசா புரதம் கெடைக்கும்னு நல்ல எண்ணத்துலதான் விட்டாங்க. அது சாப்பிடாதது இல்ல, போகாத எடம் இல்ல, உப்புத்தண்ணிலயும் இருக்கும் சாக்கடைலயும் இருக்கும், மத்த மீன் மூச்சு முட்டி சாகுற தண்ணில அது உயிரோட இருக்கும். ஆனா நெருக்கடி வந்தா அது ஒரு வேலை செய்யும், வளர்றத நிறுத்திட்டு குஞ்சு பொரிக்கிறதுல எறங்கிடும். உள்ளங்கை நீளம்கூட இல்லாத மீனு சினையா இருக்கும். அதனாலதான் வறட்சிக்கு அப்புறம் ரெண்டு மூணு வருஷம் தூண்டில்ல மாட்டுறதெல்லாம் விரல் நீள ஜிலேபியா இருக்கு, பத்து பிடிச்சா ஒரு கொழம்புக்கு ஆகாது. எண்ணிக்கை பாத்தா ஏரி நெறைய மீனு, தராசுல வெச்சா ஒண்ணுமில்ல.

தண்ணி கொறைஞ்சா மீன் ஏன் சாகுதுன்னு கேட்டா "தண்ணி இல்லாம"ன்னு சட்டுனு சொல்லிடுவோம், உண்மைல முக்காவாசி மீன் தண்ணி இருக்கும்போதே சாகுது, மூச்சு முட்டி. தண்ணில கரையுற ஆக்சிஜன் சூடு ஏற ஏற கொறையும், 20 டிகிரி தண்ணி லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரைக்கும் வெச்சுக்கும், 35 டிகிரியில 7 மில்லிகிராம்தான். இது சுத்தமான தண்ணிக்கு. நம்ம ஏரில பாசி, அழுகின ஆகாயத்தாமரை, எங்கேருந்தோ வந்து சேர்ற கழிவு எல்லாம் இருக்கு. பகல்ல பாசி வெயில்ல ஆக்சிஜன் விடும், மீனுக்கு ஓகே. ராத்திரி அதே பாசி ஆக்சிஜன இழுத்துக்கும், அழுகுறதும் இழுத்துக்கும், விடிகாலை நாலு மணி அஞ்சு மணிக்கு தண்ணில ஒண்ணுமே இருக்காது. அந்த நேரத்துல ஏரிக்குப் போனா பாக்கலாம், கட்லா ரோகு எல்லாம் மேல வந்து வாயப் பொளந்து பொளந்து காத்து வாங்கும், சத்தம்கூட கேக்கும், பொக் பொக்னு. கிட்டப் போனா ஓடாது, ஓட தெம்பு இருக்காது. பெரிய மீன்தான் மொதல்ல சாகும், அதுக்குத்தான் ஆக்சிஜன் அதிகம் வேணும்.

இதுல எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கிற விஷயம் கோடை மழை. ரெண்டு மாசம் வெயில் காஞ்சு ஒரு நாள் சாயங்காலம் இடி இடிச்சு மழை கொட்டும், நாம சந்தோஷப்படுவோம், மறுநாள் காலைல ஏரி பூரா வெள்ளையா மீன் மெதக்கும், ஒடனே "யாரோ வெஷம் கலந்துட்டான்"னு பேச்சு கெளம்பும். சில எடத்துல கழிவு தொறந்து விடுறதும் நடக்கும்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா வெஷம் இல்லாமலே இது நடக்கும். சூடான தண்ணி மேல நிக்கும், அடியில சேத்தோட ஒட்டி ஆக்சிஜனே இல்லாத தண்ணி நிக்கும், மழையும் காத்தும் மேல் தண்ணிய சட்டுனு குளிர வெச்சா ரெண்டும் கலந்துடும், அடியில இருந்த செத்த தண்ணி ஏரி பூரா பரவிடும். நாம இங்க தண்ணி லாரிக்கு நின்ன அதே 2019ல ஜனவரியில ஆஸ்திரேலியால டார்லிங் ஆத்துல மெனிண்டின்னு ஒரு எடத்துல இதேதான் நடந்துச்சு, வறட்சியில ஆறு குட்டை குட்டையா நின்னுச்சு, நீலப்பாசி படர்ந்துச்சு, திடீர்னு வெயில் எறங்கி குளிர் வந்துச்சு, லட்சக்கணக்குல மீனு செத்து மெதந்துச்சு, அதுல பெரிய பெரிய முர்ரே காட், கோல்டன் பெர்ச், சில்வர் பெர்ச் எல்லாம். அவங்க ஊர்ல அதுக்கு நிபுணர் குழு போட்டு விசாரிச்சாங்க. நம்ம ஊர்ல செத்த மீன அள்ளி பொதைச்சுட்டு பிளீச்சிங் பவுடர் போட்டா விஷயம் முடிஞ்சிடுது.

இப்ப கட்லா ரோகு மிர்கால் கதைக்கு வர்றேன், ஏன்னா குத்தகைக்காரங்களுக்கு துட்டு அதுலதான். இந்த மூணும் கங்கை பக்கத்து பெரிய ஆத்து மீனு, வெள்ளம் பொரண்டு ஓடுற தண்ணில மட்டும்தான் தானா முட்டை போடும், ஏரித் தண்ணில எத்தன வருஷம் கெடந்தாலும் சினை புடிக்கும், ஆனா முட்டை விடாது. 1957 ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவுல ஹிராலால் சவுத்ரி, அலிகுன்ஹின்னு ரெண்டு மீன் விஞ்ஞானிங்க ஊசி போட்டு முட்டை போட வெச்ச பிறகுதான் நாடு பூரா மீன்குஞ்சு கெடைக்க ஆரம்பிச்சுது, இன்னிக்கும் ஜூலை 10ஐ மீன் விவசாயிகள் நாளா கொண்டாடுறாங்க. ஆக நம்ம ஏரில இருக்குற ஒவ்வொரு கட்லாவும் யாரோ விட்ட குஞ்சு. விடலைன்னா அடுத்த வருஷம் கெடையாது. விட்ட குஞ்சு ஒரு கிலோ ஆக ஒரு வருஷம் பக்கம் ஆகும்.

இதுல குத்தகை கணக்கு எப்படி வருதுன்னு பாருங்க. ஏரிக்கு மீன்பாசி குத்தகை பசலின்ற பழைய வரி வருஷ கணக்குல விடுவாங்க, ஜூலை 1 ஆரம்பிச்சு அடுத்த ஜூன் 30ல முடியும். நம்ம ஏரிக்கு தண்ணி எப்ப வருது? ஐப்பசி கார்த்திகைல. அதாவது குத்தகை ஆரம்பிக்கும்போது ஏரி அடிமட்டத்துல இருக்கும், துட்டு கட்டி நாலு மாசம் காத்திருந்து மழை வந்தா குஞ்சு விட்டு, அது வளர்றதுக்குள்ள ஏப்ரல் மே வந்து தண்ணி எறங்கி, ஜூன் 30 முடியுறதுக்குள்ள பிடிச்சாகணும். நல்ல வருஷத்துலயே இது கழுத்துல கத்தி. மழை பொய்ச்ச வருஷமே குத்தகையோட கடைசி பசலின்னா குத்தகைக்காரரு என்ன பண்ணுவாரு, தங்கூசி வலைய கண்ணு சின்னதா மாத்தி கண்ணுல பட்டதெல்லாம் அரிச்சு எடுத்துடுவாரு, கால் கிலோ கட்லாவும் அதுல வந்துடும், நான் அவர குத்தம் சொல்ல மாட்டேன், கடன் வாங்கி கட்டின துட்டு. ஆனா ஏரிக்கு என்ன ஆகுது, வறட்சி ஒரு வருஷம்னா நஷ்டம் ரெண்டு வருஷம், இந்த வருஷத்து மீனும் சின்னதுலயே போச்சு, குஞ்சு விடாததால அடுத்த வருஷத்து மீனும் போச்சு. ஏரிக்கு தண்ணி வர்ற மாசத்தப் பாத்து குத்தகை வருஷத்த ஆரம்பிச்சா என்ன கெட்டுப்போகும்னு எனக்குப் புரியல, பழைய வரி வசூல் காலண்டர் மீனுக்கு எதுக்கு?

சரி, பனையேறிக்கு வர்றேன். நான் இத எழுத ஆரம்பிச்சதே அதுக்காகத்தான்.

அந்த சோழவரம் பக்கத்து ஏரில அன்னிக்கு ஒரு பெரியவர் இருந்தாரு, எழுபது வயசு இருக்கும், கோவணத்தோட நடுவுல ஈரமா இருந்த சேத்துல நின்னு காலால துழாவிக்கிட்டிருந்தாரு. "இன்னா தாத்தா தேடுறீங்க"ன்னு கேட்டேன். "வா நைனா, காட்டுறேன்"னு சொல்லி குனிஞ்சு முழங்கை வரைக்கும் சேத்துக்குள்ள கைய விட்டாரு, கொஞ்ச நேரம் அப்படியே நின்னாரு, அப்புறம் மெதுவா ஒரு மீன வெளிய எடுத்தாரு. உள்ளங்கை அளவு, கருப்பும் பச்சையுமா, சேறு பூசி. அவரு கட்டவெரல்ல ரத்தம், செவுள் மூடியோட ஓரம் ரம்பம் மாதிரி கிழிச்சிருக்கு. கீழ வெச்சாரு, அது படுக்கல, ஒரு பக்கமா சாஞ்சு அந்த செவுள் மூடிய குடை மாதிரி விரிச்சு மண்ணுல ஊனி வால ஒதறி ஒரு எட்டு முன்ன வந்துச்சு, மறுபடி ஊனி இன்னொரு எட்டு, ஈரம் இருக்குற பக்கமாவே. நாலு கொளத்து மீனப் பாத்தவன் நான், தண்ணி எந்தப் பக்கம்னு தெரிஞ்சு நடக்குற மீன அன்னிக்குத்தான் பாத்தேன். "இது எப்ப சேத்துக்குள்ள போச்சு தாத்தா?" "தண்ணி போறப்பவே போயிரும். மழை வந்தா வரும். மேல காஞ்சாலும் உள்ள ஈரம் இருந்தா போதும் அதுக்கு"ன்னாரு. ஈர சாக்குல சுத்தி ஒண்ணு குடுத்தாரு, வீட்டுக்கு வந்து மறுநாள் காலைல பிரிச்சேன், உயிரோட இருந்துச்சு.

பனையேறிக்கு செவுளுக்கு மேல தலைக்குள்ள மடிப்பு மடிப்பா ஒரு உறுப்பு இருக்கு, அதால நேரா காத்துலருந்து மூச்சு வாங்கும், தண்ணில ஆக்சிஜன் இருக்கா இல்லயான்னு அதுக்குக் கவலையே கெடையாது. விரால், கொறவைக்கும் கிட்டத்தட்ட அதே வசதி உண்டு, அதுங்களும் சேத்துக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். மரம் ஏறுற மீன்னு இத ஐரோப்பாவுல பேச வெச்சது தமிழ்நாட்டுலருந்து போன சேதிதான், தரங்கம்பாடில இருந்த டால்டார்ஃப்னு ஒரு டேனிஷ் லெப்டினன்ட் 1791ல குளத்தோரம் ஒரு பனைமரத்துல அஞ்சடி ஒயரத்துல இந்த மீனப் பாத்ததா எழுதி அனுப்ப, 1797ல லண்டன்ல அச்சுல வந்துச்சு. அது நெசமாவே பனை ஏறுச்சா இல்ல காக்கா கழுகு தூக்கிட்டுப் போய் போட்டுதான்னு பின்னாடி நெறைய வாக்குவாதம் நடந்திருக்கு. ஆனா அவரு வர்றதுக்கு எவ்வளவோ முன்னாடியே நம்மாளுங்க அதுக்கு பனையேறின்னு பேரு வெச்சுட்டாங்க.

அதாவது வறட்சின்றது இந்த மண்ணு மீனுக்கு புதுசு கெடையாது, நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ஏரி காயும்ன்றது அதோட ஒடம்புலயே எழுதி வெச்சிருக்கு. அதுக்கு வேணுங்கிறது ரெண்டே ரெண்டு. உள்ள ஈரம் வத்தாத சேறு கொஞ்சம். மழை வந்ததும் ஒரு குட்டைலருந்து இன்னொரு குட்டைக்கு நடந்து போக ஈர வயலு. இந்த ரெண்டையும்தான் நாம எடுத்துட்டோம்.

வயல பத்தி சொல்லவே வேண்டாம், ரெட்ஹில்ஸ்லருந்து சோழவரம் வரைக்கும் ஒருகாலத்துல நெல்லு, இப்ப குடோனு, கன்டெய்னர் யார்டு, லாரி ஷெட்டு, நடுவுல மீனு நடக்க காங்கிரீட் தரைதான் இருக்கு. சேறு விஷயத்துக்கு வறட்சிதான் நேரம், ஏரி காஞ்சதும் தூர் வாரலாம்னு பொக்லைன் எறங்கும். தூர் வார்றது வேணும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, வாராம விட்டா தேங்குற தண்ணி கொறஞ்சுக்கிட்டே போகும். ஆனா கரையிலருந்து நடு வரைக்கும் ஒரே மட்டமா வழிச்சு எடுத்து லாரில ஏத்திட்டா அந்த சேத்துக்குள்ள தூங்கிட்டிருந்த பனையேறி விரால் எல்லாம் அதே லாரில செங்கல் சூளைக்கும் மனை மேடு பண்றதுக்கும் போயிடுது. மண்ணு அள்ளுற எடத்துல காக்காயும் கொக்கும் ஏன் கூட்டமா நிக்குதுன்னு ஒருதடவை கிட்டப் போய் பாருங்க.

மொதல்ல சொன்னேனே, நாம கேக்க வேண்டிய அந்தக் கேள்வி இதுதான், ஏரில மடு எங்க? மடுன்னா ஏரில ஒரு மூலைல தூர் வாராம, தண்ணியும் கடைசி வரைக்கும் பம்ப் போட்டு உறிஞ்சாம விட்டு வெக்கிற ஒரு ஆழமான குழி. கணக்கு போட்டுப் பாத்தேன். ரெண்டு ஏக்கர் பரப்பு, ஆறடி ஆழம். ஏக்கருக்கு 43,560 சதுர அடி, ஆக 5,22,720 கன அடி, சுமாரா 1 கோடியே 48 லட்சம் லிட்டர். பெருசா தெரியுதா? 2019 கோடைல, எல்லாம் வெட்டிக் கொறச்ச பிறகும், சிட்டிக்கு ஒரு நாளைக்கு 52 கோடியே 50 லட்சம் லிட்டர் குடுத்தாங்க. அதுல அந்த மடுவோட தண்ணி 40 நிமிஷத்துக்கு வரும். ஒரே ஒரு நாளோட 40 நிமிஷம். ஏன் ஆறடி, நாலடி போதாதான்னா, கோடைல மூணு மாசத்துல வெயில் மட்டுமே ரெண்டடி குடிச்சிடும், மிச்சம் நாலடி இருந்தாத்தான் அடித்தண்ணி கொதிக்காம இருக்கும், நாலு விரால் நாப்பது பனையேறி அடுத்த ஐப்பசி வரைக்கும் தாக்குப்பிடிக்கும். மனுஷன் குடிக்கத் தண்ணி இல்லாதப்ப மீனுக்கு எடுத்து வெக்கணுமான்னு கேட்டா, நானும் குடம் தூக்கினவன்தான், மனுஷனுக்குத்தான் மொதல்ல. ஆனா 40 நிமிஷம்.

இது ஏன் அவசியம்னா, வறட்சி முடிஞ்சு ஏரி ரொம்புற அந்த மொத வருஷம் மீனுக்கு பொற்காலம். காஞ்ச தரைல மொளச்ச புல்லு பூண்டு, மாடு மேஞ்சு போட்ட சாணி எல்லாம் தண்ணிக்குள்ள போய் மக்கி ஒரே சத்து, நுண்ணுயிர் பெருகும், புழு பெருகும், அந்த வருஷம் மாதிரி மீன் வேற எப்பவும் வளராது. நாலு நாட்டு மீன் உயிரோட மிச்சம் இருந்தா அந்த வருஷத்துல அது குடும்பம் பெருக்கிடும். கட்லா குஞ்சு விடுறவங்களும் அந்த வருஷத்த பிடிச்சுக்கணும். யாரும் இல்லைன்னா காலி வீட்டுல யார் மொதல்ல பூந்தா அவங்க ராஜ்ஜியம், அது ஜிலேபி, இல்லைன்னா டேங்க் கிளீனர். கொளத்தூர்ல கலர் மீன் வளக்குறது எங்க ஏரியாவோட பெரிய தொழில், எத்தனையோ குடும்பத்துக்கு சோறு போடுது, ஆனா தொட்டில கண்ணாடிய சுத்தம் பண்ண வாங்குற அந்த கருப்பு முள்ளு மீனு பெருசானதும் வீட்டுக்காரங்க பாவம் பாத்து ஏரில விட்டுடுறாங்க. அதுவும் காத்து சுவாசிக்கும், கரைய கொடஞ்சு வளை போடும், வறட்சிக்கு சாகாது, வலைல மாட்டினா வலைய அறுத்துத்தான் எடுக்கணும், யாரும் தின்னுறதும் இல்ல. தயவு செஞ்சு விடாதீங்க, வாங்கின கடைலயே திருப்பிக் குடுத்துடுங்க.

கொடுவாவ விட்டுட்டேன். அது கடல்ல பொறந்து, குஞ்சா இருக்கும்போது முகத்துவாரம் வழியா கழிமுகத்துக்கும் நல்ல தண்ணிக்கும் ஏறி வந்து வளந்து, திரும்பக் கடலுக்குப் போய் முட்டை போடுற மீனு, சின்னதுல ஆணா இருந்து பெருசானதும் பொட்டையா மாறிடும். கொசஸ்தலை ஆறு பூண்டில தேங்கி, தாமரைப்பாக்கம் வல்லூர் அணைக்கட்டு தாண்டி எண்ணூர்ல கடல் சேருது. மழை பொய்ச்ச வருஷம் பூண்டிலருந்து ஒரு சொட்டுகூட கீழ வராது, முகத்துவாரத்துல மண்ணு அடைச்சுக்கும், உள்ள உப்பு ஏறிடும், கொடுவாக் குஞ்சுக்கு வழியும் இல்ல எடமும் இல்ல. ஏரி வறட்சி ஏரியோட நிக்கிறதில்ல, எண்ணூர்ல வலை போடுறவங்க வீட்டு அடுப்பு வரைக்கும் போகுது. அது தனியா எழுத வேண்டிய விஷயம்.

2020 நவம்பர்ல நிவர் புயல் வந்து ஏரிங்களுக்கு நல்லா தண்ணி வந்துச்சு. சோழவரம் பக்கத்து அந்த ஏரிய அதுக்கு முன்னாடியே தூர் வாரி முடிச்சிருந்தாங்க, கரையெல்லாம் நேரா, தரையெல்லாம் மட்டமா, பாக்க அழகாத்தான் இருந்துச்சு. அங்கிருந்து ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு குட்டை, அதுக்கு யாரும் காசு ஒதுக்கல, ஆகாயத்தாமரையும் சேறுமா அப்படியே கெடக்குது. அந்த தை மாசம் ரெண்டுலயும் போய் தூண்டில் போட்டேன், ரெண்டுக்கும் அதே நாக்குப்பூச்சி, அதே தூண்டில் முள்ளு. குட்டைல அரைநாள்ல ஜிலேபி நடுவுல மூணு பனையேறி மாட்டுச்சு, மூணையும் முள்ளு எடுத்து திருப்பி விட்டேன், ஒண்ணு வெரல கிழிச்சுட்டுத்தான் போச்சு. ஏரில ஜிலேபி மட்டும்தான். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் மழை முடிஞ்சதும் அந்த ஏரிக்குப் போறேன், இன்னி வரைக்கும் அங்க பனையேறி ஒண்ணுகூட மாட்டல.